பால்நிறமாகாத சுண்ணாம்பு நீர்

சூடான குளுக்கோசுக் கரைசலில் ஈஸ்ட்டைக் கொட்டியதும் குப்பென்று எழுந்த புளித்த மணம், தில்லையடியில் நான் பத்தாம் வகுப்புப் படித்த பாடசாலையின் ஆய்வுகூடத்தை ஒரு கணம் பேக்கரியாக்கிவிட்டது. எங்கள் பாடநூல் அந்த ஈஸ்ட்டை "மதுவம்" என்றது. அது உயிருள்ளது, சுவாசிக்கிறது, அது விடும் காபனீரொட்சைட்டு சுண்ணாம்பு நீரைப் பால்நிறமாக்கும் என்று விஞ்ஞான டீச்சர் சொன்ன நாளிலிருந்து, அந்த மூச்சைக் கண்ணால் பார்த்தே தீருவதென்று பிடிவாதமாக இருந்தேன்.

கொதிக்கவைத்த கரைசலை ஆறவிட்ட பிறகுதான் மதுவத்தைப் போடவேண்டும்; சூட்டில் அது செத்துவிடும். ஆனால் அன்று இன்னொரு வகுப்பையும் சேர்த்துப் பார்க்கவேண்டியிருந்த டீச்சருக்குப் பொறுமையில்லை.

"டீச்சர், இன்னும் சுடுதே" என்றேன்.

"கதைக்காமப் பாரு, புள்ள."

பார்த்தோம். குடுவையிலிருந்து போன குழாயில் ஒரு குமிழிகூட வரவில்லை. சுண்ணாம்பு நீர் கிணற்றுத் தண்ணீரைப்போலத் தெளிவாகவே கிடந்தது. மணியடித்ததும் டீச்சர் எல்லாவற்றையும் தொட்டியில் ஊற்றிக் கழுவினார். "பால்நிறமாகிட்டு எண்டு எழுதுங்க. சோதனையில அதத்தான் கேப்பாங்க." நான் "நிறம் மாறவில்லை" என்று எழுதினேன். அதைச் சிவப்பு மையால் வெட்டிவிட்டார்.

அந்தக் கோபத்தோடு வீட்டிலேயே செய்து பார்க்கத் துணிந்தேன். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்தேன். சோடாப் போத்தல் மூடியில் துளையிட்டு, மருந்துக்கடையில் வாங்கிய சேலைன் குழாயைச் செருகி மெழுகால் அடைத்தேன். சீனித் தண்ணீர் விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறும்வரை குசினியிலேயே காத்துக்கிடந்து, கடையில் வாங்கிய ஈஸ்ட்டோடு அதைப் போத்தலில் ஊற்றி மூடினேன். களப்புக் காற்று உப்பாக வீசிக்கொண்டிருந்த அந்தப் பின்னேரத்தில், போத்தலுக்குள் நுரை கட்டியது. பிறகு சுண்ணாம்பு நீருக்குள் முதல் குமிழி வந்தது. அடுத்ததும் வந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்திருந்தேன்.

"என்னடி இது, கள்ளு மணம் மணக்குது?" உம்மா பின்னால் நின்றார்.

"கள்ளில்ல உம்மா, மதுவம்."

அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது.

"மதுவா? வாப்பா அஸர் தொழுதிட்டு வார நேரம், ஊட்டுக்குள்ள மதுவா?"

பாடநூலை எடுத்துவந்து காட்ட ஓடினேன். நான் திரும்புவதற்குள் போத்தல் முருங்கை மரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. சுண்ணாம்பு நீரும் அதே மண்ணில் ஊறிப் போயிருந்தது. அது கலங்கத் தொடங்கியிருந்ததா என்று உம்மாவைக் கேட்டேன். "ஆருக்குத் தெரியும்" என்றார். அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

தவணைச் சோதனையில் அந்தக் கேள்வி வந்தது: அவதானம் யாது? எரிச்சலோடு "பால்நிறமாதல்" என்று எழுதினேன். முழுப் புள்ளியும் கிடைத்தது. அந்தப் புள்ளியைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

இப்போது அந்த ஆய்வுகூடம் இல்லை. உடைந்த கதிரைகளை அடுக்கும் அறையாகிவிட்டது. அதே பாடசாலையில் பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள், போன வாரம் இந்தச் செய்முறையின் வீடியோவைக் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள். குமிழிகள் வருவதற்கு முன்பே விரலால் தள்ளிக் கடைசிப் பகுதிக்குப் போனாள்.

"கொஞ்சம் பொறு மகள், எப்பிடி மாறுது எண்டு பாப்பம்" என்றேன்.

"அதுக்கு நேரம் போகும் உம்மா. விடை தெரியும்தானே" என்று சொல்லிவிட்டு, அடுத்த பாடத்தைத் திறந்தாள்.