நான் வைத்த பத்தியம்

வெளிக்கிப் போகும்போதெல்லாம் என் மனைவிக்குக் குடலின் அடிப்பகுதி பிதுங்கி வெளியே வந்துவிடும். கையாலேயே உள்ளே தள்ளிவிட்டுப் பருத்தி எடுக்கப் போய்விடுவாள். பல வருடத் தொந்தரவு. கட்டிய புருஷன் எனக்கே போன வருடம்தான் சொன்னாள். மதுரையில் ஆபரேஷன் செய்து குடலை மேலே இழுத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னார்: தண்ணீர் நிறையக் குடிக்கணும், கீரையும் பழமும் சாப்பிடணும், மலம் இளகப் பொடி மருந்தைக் கலக்கிக் குடிக்கணும், முக்கவே கூடாது.

நன்றாகத் தலையை ஆட்டினேன். பஸ் காரியாபட்டி தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் மாற்றியும் விட்டேன். எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளுக்கும் வயிற்றைக் கிழித்தவளுக்கும் ஒரே பத்தியம்தான். தண்ணீர் குடித்தால் புண் சீழ் வைக்கும். வாழைப்பழம் குளிர்ச்சி, கீரை மந்தம். பூண்டு ரசம், சோறு, சுட்ட கருவாடு. ரொம்பக் கேட்டால் அரை டம்ளர் வெந்நீர். பொடி மருந்து வயிற்றைக் கலக்கித் தையலைப் பிரித்துவிடும் என்று அலமாரி உச்சியில் ஏற்றினேன். பஞ்சு மில்லில் சூப்பர்வைசர் அல்லவா, வீட்டிலும் அதே அதிகாரம்.

"டாக்டரு தண்ணி குடிக்கச் சொன்னாகளே," என்றாள்.

"அவுகளுக்குக் கத்தி பிடிக்கத் தெரியும். பத்தியம் தெரியுமா? பேசாம இரு."

பேசாமல்தான் இருந்தாள். உதடு வெடித்தபோதும் தண்ணீர் கேட்கவில்லை.

ஆறாம் நாள் காலை கக்கூஸுக்குள் இருந்து சத்தம். "என்னங்க, திரும்ப வந்துருச்சுங்க!" ஐந்து நாளாகப் போகாதது கல்லாக இறுகி, முக்கியிருக்கிறாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படுபாவி, நான் செய்த வேலை.

மறுபடியும் அதே டாக்டர். "தண்ணி குடிச்சியாம்மா? பொடி குடிச்சியா?"

"குமட்டுச்சு டாக்டர். நாந்தான் குடிக்கல."

நர்சுகள் முன்னால் அவளை அவர் வாங்கு வாங்கென்று வாங்கினார். "ஒன் ஒடம்பு மேல ஒனக்கே அக்கறை இல்லையா?" ஃபைலைக் கையில் பிடித்தபடி பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. வெட்கங்கெட்டவன்.

இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு குடல் இறங்கவில்லை. ஆனால் அடக்க முடியவில்லை. வந்தால் ஓட வேண்டும், சில சமயம் ஓடுவதற்குள் சேலை கெட்டுவிடும். பஸ் ஏறுவதையே விட்டுவிட்டாள். பரளச்சியில் அவள் அண்ணன் மகள் கல்யாணத்துக்கும் நான் மட்டும்தான் போனேன். கேட்டவர்களிடமெல்லாம் மேலுக்குச் சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வந்த அன்றைக்கு மனசு கேட்கவில்லை. கடலை உடைத்துக்கொண்டிருந்தவள் எதிரே உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு டாக்டர்ட்ட ஏன் பொய் சொன்ன? எல்லாம் இந்தாளு செஞ்சதுதான்னு சொல்லிருக்கலாம்ல?"

புருஷனை விட்டுக்கொடுக்க மனசில்லை என்பாள் என்றுதான் நினைத்தேன். அதைக் கேட்டு அழுது தீர்த்துவிடலாம் என்றும் இருந்தேன்.

அவள் உடைப்பதை நிறுத்தவில்லை. "சொன்னா அத்தன பேரு முன்னாடி ஒங்கள ஏசுவாக. ஒங்களுக்கு ரோசம் பொத்துக்கிட்டு வரும். என்னைய அங்கனயே போட்டுட்டுப் பஸ் ஏறிட்டீகன்னா, அந்த ஒடம்போட நான் எங்க போக?"

அப்படிப் போட்டுவிட்டு வந்திருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை.