பச்சைக் குளியல் நாற்காலி

திருப்புல்லாணிப் பக்கத்து மிளகாய்க்காட்டுக் குடும்பத்தில் பிறந்த பூமயில், பாலிடெக்னிக் முடித்து இராமநாதபுரத்தில் நாகநாதனின் பட்டறைக்கு வந்தாள். படுக்கையில் விழுந்தவர்களுக்குக் கட்டில், கைப்பிடி, குளிக்க வைக்கும் நாற்காலி என்று அங்கே இரும்பில் செய்தார்கள். கம்ப்யூட்டரில் அவற்றுக்குப் படம் வரைவது அவள் வேலை.

வெல்டர் பாக்கருக்கு இங்கிலீஷ் குறிப்பு ஓடாது. பூச்சு மாறிப்போய்க் கட்டில்கள் வீணாயின. பூமயில் ஒரு வழி செய்தாள். எந்தத் துண்டுக்கு எந்தப் பூச்சோ, படத்தில் அதற்கொரு நிறம். மஞ்சள் என்றால் துரு ஏறாமலிருக்க மதுரைக்கு அனுப்பி, உருக்கிய துத்தநாகத்தில் முக்கிவர வேண்டும். பச்சை என்றால் பட்டறையிலேயே வெறும் பெயிண்ட். சிவப்பு என்றால் ஒன்றும் வேண்டாம். சாமான் கடைசியில் எந்த நிறத்தில் இருக்கும் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"மஞ்ச குளிச்சவளெல்லாம் மதுரைக்கு, மத்தவளெல்லாம் எங்கிட்ட" என்று பாக்கர் சிரிப்பார்.

2006இல் பாம்பனிலிருந்து ஹமீதா பானு வந்தாள். அவள் உம்மா லத்தீபாவுக்குப் பக்கவாதம்; குளிக்க ஒரு நாற்காலி வேண்டும். திரையில் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

"என்னம்மா இது, கால் மஞ்சளு, ஆணி சிவப்பு? எங்க உம்மா பச்சைன்னாத்தான் உக்காரும்."

"இது பூச்சுக்கு அடையாளம்க்கா. பச்சையே அடிச்சுத் தாரோம்."

ஹமீதாவுக்கு நம்பிக்கை வரவில்லை. அவள் மனம் குளிரட்டும் என்று நாற்காலி முழுவதையும் பச்சையாக்கிக் காட்டினாள் பூமயில். "ஆங், இதான்!" என்றாள் ஹமீதா. இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பூமயில் நிறத்தைத் திருப்ப மறந்தாள். அப்படியே அச்செடுத்துப் பட்டறைக்குக் கொடுத்தாள்.

குளியல் நாற்காலிக்கு வெறும் பெயிண்டா என்று பாக்கருக்கும் ஒரு யோசனை வந்தது. பூமயில் வரைந்தது தப்பாகாது என்று அடித்து அனுப்பிவிட்டார். அதே படத்தை வைத்து மேலும் இரண்டு நாற்காலிகள் போயின.

பாம்பன் கிணற்றில் உப்புத் தண்ணீர். மறுவருஷம் நாற்காலியின் கால் முறிந்தது. லத்தீபாவுக்கு இடுப்பெலும்பு உடைந்தது.

நாகநாதன் முறிந்த காலைக் கொண்டுவந்து பாக்கரின் முன்னால் போட்டார். "ஏலே, ஒன் ஒட்டு பிட்டுக்கிட்டுப் போயிருக்கு பாரு!"

"ஒட்டு நிக்கிதுண்ணே. குழாய்தான் விட்டுருக்கு."

"வாய் பேசாத. நாளையிலருந்து வராத."

பூமயில் படத்தைத் திறந்தாள். நாற்காலி முழுக்கப் பச்சை. மூடினாள். பாக்கர் கண்ணாடியையும் கையுறையையும் பைக்குள் திணித்துக்கொண்டு அவள் மேஜையைத் தாண்டிப் போனார். அவள் தலை நிமிரவில்லை.

இன்னும் இரண்டு பேர் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்து குளிக்கிறார்களே என்ற நினைப்பு அவளை வீட்டில் இருக்கவிடவில்லை. காலையில் நாகநாதன் பட்டறையைத் திறக்கும்போதே போய் நின்றாள்.

"பாக்கரண்ணன் இல்லைங்க, நான்தான். நிறத்தை மாத்தாம விட்டுட்டேன். மத்த ரெண்டையும் இப்பவே எடுத்துட்டு வரணும்."

வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அவர் வண்டியை எடுத்தார். இரண்டும் திரும்பி வந்தன. மண்டபம் ஊரில் எடுத்த நாற்காலியின் கால், பெயிண்டுக்கு அடியில் துருவேறிப் பொரிந்து போயிருந்தது. பாக்கர் வேலைக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு அச்சையும் தூக்கிப் பிடித்து, "தங்கச்சி, இது பெயிண்டுப் பச்சையா, உம்மா பச்சையா?" என்று கேட்பார். சிரித்துக்கொண்டுதான் கேட்பார். அவளால் உடன் சிரிக்க முடியாது.

புது நாற்காலியைத் துத்தநாகத்தில் முக்கி, அதன்மேல் பச்சை அடித்து, பூமயில் தானே பாம்பனுக்குக் கொண்டுபோனாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். ஹமீதா எழுந்து வெந்நீர் எடுக்கப் போனாள். வைது தீர்த்தால் வாங்கிக்கொண்டு போகலாம் என்று பூமயில் காத்திருந்தாள்.

படுக்கையிலிருந்த லத்தீபா குழறலாகச் சொன்னார்: "பச்சை கேட்டது நாந்தானே தாயி."

"நீங்க கேட்டது கலரு உம்மா. நான்தான் பூச்சைக் கெடுத்தேன்."

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும். பச்சை கேட்டேன், பச்சை வந்துச்சு."

ஹமீதா வாளியோடு வந்தாள். "தோளைப் பிடி" என்றாள் பூமயிலிடம். "இங்கன இல்ல, கீழ. இடுப்பை இழுத்துராத." இருவரும் லத்தீபாவை மெல்ல ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். முதுகின் அடியில் படுக்கைப்புண் கண்டிருந்தது. ஹமீதா துடைத்து முடிக்கும்வரை பூமயில் பிடித்த பிடியை விடவில்லை.

உடைந்த இடுப்போடு லத்தீபா இனி உட்காரப்போவதில்லை. சுவரோரம் நின்ற நாற்காலியைப் பார்த்து, "நல்லாருக்கு" என்றார். ஹமீதா ஈரத்துணியைப் பிழிந்து அதன் கைப்பிடியில் காயப்போட்டாள்.