மூன்று தண்ணீரில் அலசிய கீரை

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் 'கீரை டாக்டர்' என்று பெயர். யாருக்காவது ரத்தம் குறைவு என்று காதில் விழுந்தால் போதும், மறுநாள் காலையில் ஒரு கட்டுக் கீரையோடு அவர்கள் வாசலில் நிற்பார். பேச்சைக் கேட்டால் பெரிய படிப்பு படித்தவர் என்று தோன்றும். படித்தது எட்டாவது.

முப்பது வருடம் அவர் பார்த்தது பழைய பேட்டரி வேலை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மனையில்தான் பட்டறை. வண்டி பேட்டரிகளைக் கோடாலியால் பிளப்பார், ஆசிட்டை அங்கேயே கொட்டுவார், உள்ளே இருக்கும் ஈயத்தை இரும்புச் சட்டியில் உருக்குவார். இருமல் முற்றி வேலையை விட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அதே மண்ணைக் கொத்தி இரண்டு வண்டி எரு போட்டார். முதல் வருடம் புல்கூட முளைக்கவில்லை. மூன்றாம் வருடம் கீரை தளதளவென்று வந்தது. "மண்ணுக்கு நம்ம மேல கோவம் போயிடுச்சு" என்று சிரித்தார்.

மண்ணைப் பரிசோதனைக்கும் கொடுத்தார். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் நன்றாக இருப்பதாகச் சீட்டு வந்தது. அதை லேமினேட் செய்து, கீரை விற்கும் தள்ளுவண்டியில் தொங்கவிட்டார். வாங்குகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, மண் சுத்தம் என்று நம்பினார்கள். அதில் ஈயத்தைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. பார்க்கச் சொல்லி இவரும் கேட்கவில்லை. போதாக்குறைக்குக் கீரையை மூன்று தண்ணீரில் அலசித்தான் கட்டுவார். வேர் குடித்ததை எந்தத் தண்ணீர் அலசும்?

மாடி வீட்டுத் தையல்காரி இரண்டு வருடம் முன்புதான் குடிவந்தாள். அவள் மகளுக்கு நாலு வயது. பிள்ளை வெளிறிப்போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதபடி இருந்தது. ரத்தம் குறைவு என்றார்கள். கீரை டாக்டர் விடுவாரா? ஏழு மாதம், தினம் ஒரு கட்டு, இலவசமாக. தையல்காரி நன்றிக்கு என் துணிகளையெல்லாம் சும்மா தைத்துக் கொடுத்தாள். நானும் கூசாமல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். இப்போது பீரோவைத் திறந்தாலே உடம்பு கூசுகிறது. பிள்ளைக்கு ரத்தம் ஏறவில்லை, இன்னும் இறங்கியது.

போன செவ்வாய்க்கிழமை அவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, பாப்பா ரத்தத்துல ஈயம் இருக்காம். பக்கத்துல எங்கயாவது பேட்டரி உடைச்சாங்களான்னு டாக்டரம்மா கேக்கறாங்க. நீங்க ரொம்ப வருஷமா இங்க இருக்கீங்களே, உங்களுக்குத் தெரியுமா?"

அவர் சுவரைப் பார்த்தார். "அதெல்லாம் அந்தக் காலத்துல ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்துச்சும்மா" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை என் கண்முன்னே செய்தார். அதோடு விட்டாரா? கைப்பழக்கம், அன்றைய கட்டையும் எடுத்து நீட்டினார். அவளும் கை நீட்டினாள்.

நான் பாய்ந்து பிடுங்கினேன். "குடுக்காதீங்க! உண்மையச் சொல்லித் தொலைங்க."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இந்தா, பின்னாடிதாம்மா. நான்தான் உடைச்சேன். நல்லா கழுவுனா போயிடும்னு நெனச்சேன்." தலையை நிமிர்த்தவே இல்லை.

எனக்கு மூச்சு வந்தது. எப்படியோ உண்மையைச் சொல்ல வைத்துவிட்டேன் என்று ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது. தையல்காரி அவரைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, உங்க பேரனுக்கும் இதைத்தான் குடுத்தீங்களா?"

எங்களோடு வளரும் பேரன் சோறு தின்ன ஆரம்பித்த நாளிலிருந்து அவனுக்குச் சந்தையில்தான் கீரை வாங்குகிறேன். "அவனுக்கு மட்டும் வெளியில வாங்கு" என்று இவர் ஒரு தடவை சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார் என்று பயம்.

"இல்லம்மா" என்றேன்.