என் வண்டிக்கு ஒரு கிக்கர்

பைக்கைக் காலால் உதைத்து ஸ்டார்ட் செய்ய ஒரு கிக்கர் வேண்டும் என்று கேட்டேன். நான் கேட்டது அவ்வளவுதான். அதற்கு ஆளாளுக்கு என்னைப் பார்த்த பார்வையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என்னவோ வண்டிக்கு இறக்கை வைத்துத் தரச் சொன்ன மாதிரி.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். அச்சில் ஊற்றி எடுத்த அலுமினியப் பாகங்களில் விரிசல் இருக்கிறதா, ஓட்டைகள் சரியான இடத்தில் சரியான அளவில் விழுந்திருக்கின்றனவா என்று பார்ப்பது என் பிழைப்பு. வீடு நூம்பலில். போய்வர பைக் வைத்திருக்கிறேன். ஸ்கூட்டர் இல்லை, பைக். வானகரம் – அம்பத்தூர் ரோட்டில் மழைக்காலத்தில் போனவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே இருக்கிற பள்ளங்களுக்குச் சின்னச் சக்கரமெல்லாம் ஒரு வாய்க்குக் காணாது. என் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கிய வண்டி, ஆர்.சி. புத்தகத்திலும் என் பெயர்தான். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

வாங்கும்போதே கிக்கர் இல்லையே என்று கேட்டேன். ஷோரூமில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "லேடீஸுக்கு இதான் மேடம் வசதி. உதைக்கவே வேணாம், பட்டனைத் தட்டுனா போதும்" என்றார். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்தப் பட்டன் போன மழைக்காலத்தில் ஒரு காலை வேளை கையை விரித்தது. வானகரத்தில் பைபாஸுக்குக் கீழே, முழங்கால் அளவு தண்ணீரில், வண்டி நின்றுவிட்டது. பட்டனை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம். திரும்ப அழுத்தினால் அதுவும் இல்லை. பின்னால் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. டீக்கடையில் ஒதுங்கியிருந்த இரண்டு பேர் இறங்கி வந்து தள்ளினார்கள். வண்டியை இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரைத் தாண்டி மேடேறியதும் விட்டேன். உறுமிக் கிளம்பியது. நன்றி சொல்லத் திரும்பினால் அவர்களில் ஒருவர் வண்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சிஸ்டர், கிக்கர்கூட இல்லாத வண்டியா வாங்கிகினு வந்துகீற?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி.

இதெல்லாம் நடந்த நேரம்தான் வினையாகப் போயிற்று. அதே வாரம் எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஷிப்ட் இன்சார்ஜ் பொறுப்பை எடுத்துக்கொள்கிறாயா என்று கேட்டிருந்தார். எங்கள் பிரிவில் அதுவரை ஒரு பெண்ணுக்கும் அதைக் கொடுத்ததில்லை. கம்பெனி பஸ் வருவதற்கு முன்பே இன்சார்ஜ் வந்து முந்தைய ஷிப்டிடம் பொறுப்பை வாங்க வேண்டும். பஸ் கிளம்பிப் போன பிறகுதான் வேலையை முடித்துவிட்டு வெளியே வர முடியும். அதாவது சொந்த வண்டி இருக்கிறவர்களுக்குத்தான் அந்த வேலை. யோசித்து மாதக் கடைசிக்குள் சொல் என்றார். எனக்கு யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை, வண்டி தண்ணீரில் நிற்கும் வரைக்கும்.

என் கணவருக்கு யோசிக்க நிறைய இருந்தது. அவர் வானகரத்தில் ஒரு கூரியர் குடோனில் சூப்பர்வைசர். நல்ல மனிதர், குடிக்கமாட்டார், சமையலில் பாதி அவருடையது. ஆனால் பயம் வந்துவிட்டால் அதை அதிகாரமாக மாற்றிப் பேசுகிற வழக்கம் உண்டு. அன்று சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் ஆரம்பித்துவிட்டார். வண்டியை விற்றுவிடலாம், பஸ்ஸில் போய் வா, இன்சார்ஜும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், இருக்கிற வேலை போதும்.

"நடு ரோட்ல தண்ணில நின்னுகினு கீற. எவனோ வந்து தள்ளிவுடுறான். நாளைக்கு விடிகாலைல நின்னா யார் வருவாங்க?"

பேட்டரி செத்ததற்கு என் வேலையை ஏன் விட வேண்டும் என்று கேட்டேன். வண்டியில் ஒரு கிக்கர் இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது, ஒன்றைப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் ஷோரூமின் சர்வீஸ் பிரிவுக்குப் போனேன். பேட்டரியை மாற்றினார்கள், சரி. பேட்டரி என்றால் இன்னொரு நாளும் சாகும், அதனால் கிக்கர் பொருத்தித் தாருங்கள் என்றேன். எனக்கு வண்டி விற்ற அதே ஆள்தான் இப்போது சர்வீஸில் இருந்தார். இந்த மாடலுக்குக் கிக்கரே கிடையாது, வைக்கவும் முடியாது என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"கிக்கர்தான் வேணும்னா ஸ்கூட்டர் மாத்திக்கங்க மேடம். அதுல செல்ஃப், கிக்கர் ரெண்டும் வருது. லேடீஸுக்கு அதான் வசதி."

எது லேடீஸுக்கு வசதி? உதைக்கவே வேண்டாம் என்பது வசதியா, உதைப்பதற்கு ஒன்று இருப்பது வசதியா? அன்றைக்கு எது விற்க வேண்டுமோ அதுதான் லேடீஸுக்கு வசதி. நான் விடவில்லை. கழற்றித்தான் பாருங்களேன், செலவு என்னுடையது என்றேன். ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போய் போனில் பேசினார். மேலதிகாரியிடம் கேட்கிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்து, "சார் வேணாம்னுட்டார் மேடம்" என்றார்.

எந்த சார் என்று கேட்டேன். என் கணவராம். வண்டி வாங்கிய அன்று கூட வந்த மனிதர் என்பதற்காக அவருடைய நம்பரைத்தான் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். எதிரில் நிற்கிற வண்டிக்காரியை விட்டுவிட்டு, குடோனில் பார்சல் எண்ணிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு, உங்கள் மனைவி இப்படிக் கேட்கிறார், செய்யட்டுமா என்று அனுமதி கேட்டிருக்கிறார்கள். அவரும் யோசிக்காமல் வேண்டாம் என்றிருக்கிறார். என் வண்டி, என் கால், என் தவணை. இரண்டு ஆண்கள் போனில் பேசி முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. அங்கே என்னென்ன சொன்னேன் என்று எழுத முடியாது. எழுதினால் அச்சில் ஏறாது.

வீட்டில் அவரிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள் கம்பெனி ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தும்போது பக்கத்தில் நின்ற பைக்கைப் பார்த்தேன். என் வண்டியைச் செய்த அதே கம்பெனி செய்தது, விலை குறைந்த மாடல். அதில் கிக்கர் இருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டும் ஒரே எஞ்சின். பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தெரியாமல் போகாது. ஒரே அச்சு, ஒரே வளைவு, வலது பக்கக் கவரில் ஒரே மாதிரி திருகுகள். அந்த வண்டியில் கிக்கரின் தண்டு எந்த இடத்தில் வெளியே வருகிறதோ, என் வண்டியில் அதே இடத்தில் கறுப்பாக வட்டமாக ஒரு ரப்பர் மூடி இருந்தது. எத்தனை முறை வண்டியைக் கழுவியிருக்கிறேன், அழகுக்கு வைத்தது என்று விட்டிருக்கிறேன். விரலால் அமுக்கினேன். உள்ளே போனது. ஓட்டை.

ஓட்டையைப் போட்டிருக்கிறார்கள், அளவு பார்த்திருக்கிறார்கள். என்னை மாதிரி ஒருத்தி எங்கோ உட்கார்ந்து கருவியை விட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தள்ளிவிட்டிருப்பாள். அதற்குப் பிறகு நாலு பாகங்களை உள்ளே போடாமல் மூடியை வைத்து அடைத்து, கிக்கர் இல்லாததற்காக வண்டியை உசத்தி மாடல் என்று விற்றிருக்கிறார்கள். இல்லாததைக் கேட்டேன் என்று என்னைப் பைத்தியக்காரி மாதிரி பார்த்தார்களே, இருந்ததைத்தான் நான் கேட்டிருக்கிறேன். அன்று முழுக்க யார் எது சொன்னாலும் எரிந்து விழுந்தேன்.

பூந்தமல்லியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய், என் வண்டியின் பெயரையே எடுக்காமல் அந்த விலை குறைந்த மாடலின் பெயரைச் சொல்லிக் கிக்கர் சாமான் முழுவதும் கேட்டேன். தண்டு, பல்சக்கரங்கள், ஸ்பிரிங், ஆயில் சீல், வெளியே வரும் உதைப்பான் எல்லாம் ஒரு பையில் வந்தன. கடைக்காரர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த மாதத்தில் என்னை மனுஷியாக நடத்திய ஒரே ஆள் அவர்தான்.

பையோடு ஆவடியில் ஒரு மெக்கானிக்கிடம் போனேன். எங்கள் கம்பெனி ஆட்கள் அவரிடம்தான் வண்டி விடுவார்கள். பையைத் திறந்து பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மூடியைப் பிடுங்கி டார்ச் அடித்துப் பார்த்தார். போட்டுவிடலாம் என்றார். எனக்கு உட்கார்ந்து அழலாம் போல் இருந்தது. அப்போதுதான் அந்த மகராசன் வாயைத் திறந்தார்.

"ஊட்டுக்காரராண்ட ஒரு வார்த்த கேட்டுக்கினியாக்கா?"

வண்டியில் எஞ்சின் ஆயிலை வடித்துவிட்டீர்களா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார். அப்படியானால் சாவியைக் கொடுங்கள், இந்த ஆவடியில் வேறு ஆள் இல்லாமலா போய்விடும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஸ்பானரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கவரைக் கழற்றியதும் உள்ளேயும் எல்லாம் தயாராக இருந்தது. தண்டு உட்காரும் இடத்தைக் கடைந்து பளபளவென்று வைத்திருந்தார்கள், புது வீட்டில் மீட்டர் வராத பெட்டி மாதிரி. சாமான்கள் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தன. ஒரே ஒரு தகராறுதான். உதைப்பான் கீழே வரும்போது ஃபுட்ரெஸ்டில் இடித்தது. அதை மட்டும் மடங்குகிற ஃபுட்ரெஸ்டாக மாற்றினார். மடக்கிவிட்டு உதைக்க வேண்டும், மறந்தால் கணுக்கால் போய்விடும் என்றார். உங்களால் உதைக்க முடியுமா என்றும் கேட்டார். காலை நீட்டிக் காட்டினேன். கம்பெனியில் கொடுத்த ஷூ, முன்பக்கம் இரும்பு வைத்தது. முதல் உதைக்குக் கிளம்பவில்லை. இரண்டாவது உதைக்கும் இல்லை. அவர் தன் காலைத் தூக்கிக்கொண்டு வந்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். அடுத்த உதையில் பிடித்துக்கொண்டது.

அங்கேயே நின்று மேனேஜருக்கு போன் போட்டு, இன்சார்ஜ் பொறுப்பை எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். யாரிடமும் கேட்கவில்லை.

கணவர் கிக்கரைப் பார்த்தார். இரண்டு வாரம் வண்டிக்குக் கீழே ஆயில் சொட்டியிருக்கிறதா என்று தினமும் குனிந்து பார்த்தார். சொட்டவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றுதான் நினைக்கிறேன். நான் விடிகாலை ஷிப்டுக்குக் கிளம்பும் நாட்களில் மாடியில் வந்து நின்று, வண்டி கிளம்பிய பிறகு உள்ளே போவார். பட்டன் வேலை செய்தாலும் நான் உதைத்துத்தான் கிளப்புவேன். அவர் கேட்க வேண்டும் என்றே உதைப்பேன்.

போன மாதம் ஒரு நாள் எனக்கு மதிய ஷிப்ட், அவருக்கு லீவு. கீழே ஃபுட்ரெஸ்டை மடக்கி, வண்டியை உதைத்துக் கிளப்பி, ஹெல்மெட் மாட்டப் போனேன். மாடியில் அவர் காதில் போனோடு, எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிக்கொண்டு நின்றிருந்தார். ஷோரூமிலிருந்து என்பது அவர் பதில் சொன்ன விதத்திலேயே தெரிந்தது. சர்வீஸ் நாள் வந்துவிட்டது, வண்டியை எப்போது விடலாம் என்று சாரைக் கேட்கிறார்கள். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், கிக்கரைப் பார்த்தார்.

"அது அவங்க வண்டி சார். அவங்களாண்டயே கேளுங்க. நம்பர் தரேன், எழுதிக்கங்க."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். பிறகு போனை மார்பில் பொத்திக்கொண்டு கம்பிக்கு மேல் குனிந்தார்.

"உன் நம்பர் இன்னா?"

எங்களுக்குக் கல்யாணமாகி, பெண்ணே பத்தாவது படிக்கிறாள்; என் நம்பர் இன்னும் அவருக்கு மனப்பாடமில்லை. சொன்னேன். எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. வண்டியை அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் அணைக்கவில்லை. ஒவ்வொரு எண்ணாக, இன்னும் உரக்கச் சொன்னேன்.