கத்தியை வாங்கிக்கொண்டார்கள்

எட்டாவதோடு படிப்பை விட்டு, ஊர் ஊராகச் சமையல் வேலைக்குப் போகிறவன் நான். மனம் கொதித்தால் என் கையை நானே காயப்படுத்திக்கொள்வேன். யாராவது பார்த்துவிட்டால் அடுத்த ஊருக்கு பஸ் ஏறிவிடுவேன்.

காரைக்குடியில் ஒரு கல்யாண வீட்டில் காய் நறுக்கும்போது தழும்புகள் வெளியே தெரிந்துவிட்டன. சமையல் மாஸ்டர் பேசாமல் கத்தியை வாங்கிக்கொண்டு, இலை துடைக்கச் சொன்னார்.

“ஏண்ணே, நான் நறுக்குறது சரியில்லைங்கிறீகளா?”

“சொன்னதைச் செய்யிப்பா.” முகத்தைப் பார்க்கவில்லை.

ஒதுக்கிவிட்டார்கள் என்றே நினைத்தேன். பையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். அங்கே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த, எங்களோடு வேலை செய்யும் மீனாக்கா என் கையைப் பார்த்துவிட்டுத் தடுத்தார்.

“இங்குட்டு வாடா. சாகணும்னு பண்ணுறியா, மனசு அடங்கட்டும்னு பண்ணுறியா?”

யாரும் என்னிடம் இப்படி நேராகக் கேட்டதில்லை.

“அடங்கத்தான்க்கா. சில நாள் மத்ததும் தோணும்.”

“தோணுறப்ப எங்கிட்ட வா. பேசக்கூட வேணாம், வெங்காயம் உரி. அழுதாலும் ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாக.”

சிரித்துக்கொண்டே அழுதேன். மறுநாள் அவரே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். காயப்படுத்திக்கொள்ளத் தோன்றும் அந்த வேகம் ஏறும், பிறகு இறங்கும், இறங்கும்வரை தனியாக இருக்கக் கூடாது என்று அங்கிருந்த மனநல டாக்டர் சொன்னார். இன்னும் போய்வருகிறேன்.

போன வாரம் கீழச்சிவல்பட்டியில் வேலை. மறுபடி ஏறியது. அக்காவுக்கு போன் செய்து, “ஏறுதுக்கா” என்றேன். “வைக்காதே” என்றவர், வேகம் இறங்கும்வரை போனிலேயே என்னிடம் மாஸ்டரைத் திட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

கத்தியை வாங்கியது நல்லதற்குத்தான். வாங்கும்போதே மாஸ்டர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நான் பையைத் தூக்கியிருக்க மாட்டேன்.