ஒரே எடையில் இரண்டு மருந்து

மருந்துச் சோதனைக்கூடத்தில் காலம் தள்ளிய உங்களுக்கும் தெரியும், நாம் ‘சரி’ என்று கையெழுத்துப் போட்ட சரக்குதான் ஒருநாள் நம்மைத் தேடி வாசலுக்கு வரும்.

எருமப்பட்டிக்காரர்

எண்பதுகளின் தொடக்கத்தில், நாமக்கல்லில் கோழி மருந்து தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் நான் கெமிஸ்ட். எருமப்பட்டிப் பண்ணைக்காரர் ஒருவர் எங்கள் மருந்துப் பாக்கெட்டோடு வந்தார். ரத்தக் கழிச்சல் நிற்கவில்லை, தினமும் கோழிகள் சாகின்றன என்றார். அவர் எதிரிலேயே சோதித்தேன். வரவேண்டிய ரோஸ் நிறம் வந்தது, அளவும் சரி. மருந்தில் குறையில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை.

“உங்க கண்ணாடிக் குழாய்க்குச் சரிங்க அம்மிணி, என்ற கோழிக்குக் கேக்கலீங்களே.”

முதலாளி

அவர் போனபின் யோசித்துப் பார்த்தேன். சில மருந்துகளுக்கு உடன்பிறப்பு உண்டு. அதே அணுக்கள், அதே எடை, கோத்திருக்கும் விதம் மட்டும் வேறு, அதனால் நோய்க்குக் கேட்காது. எங்கள் நிறச் சோதனை இரண்டுக்கும் ஒன்றுபோலவே வரும். மூலப்பொருளே மாறி வந்திருந்தால்? மெட்ராஸில் ஓர் ஆய்வுக்கூடத்தில் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இருப்பதாக முதலாளியிடம் சொன்னேன். மூலக்கூறை உடைத்துத் துண்டு துண்டாக எடை போடும் இயந்திரம் என்று விளக்கினேன். போகச் சொல்லிவிட்டுக் கேட்டார்:

“ஒடைக்கறதுக்கு மெட்ராஸ் வரைக்கும் போவோணுமா அம்மிணி? எங்கூட்டு அம்மிக்கல்லு சும்மாத்தான் கெடக்குது.”

மெட்ராஸ்

இயந்திரத்துக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கவே மதியமாகிவிட்டது. முதலில் ஒப்பிட்டுப் பார்க்க நான் கொண்டுபோன அசல் மருந்து, பிறகு பாக்கெட்டிலிருந்து பிரித்தெடுத்தது. இரண்டிலும் முழு எடை ஒன்றே. எனக்கு உயிர் வந்தது. இயந்திரத்தை ஓட்டியவர் தாளை விரித்துத் துண்டுகளின் கோடுகளைக் காட்டினார். அசலில் உயர்ந்து நின்ற கோடு பாக்கெட்டு மருந்தில் குட்டையாக இருந்தது, பக்கத்துக் கோடு உயர்ந்திருந்தது. மறுபடி ஓட்டியும் அப்படியே.

“முழுசா நிக்கும்போது ரெண்டும் ஒண்ணுதாம்மா. ஒடைஞ்சாத்தான் யார் யாருன்னு தெரியுது.”

பண்ணையில்

முதலாளி மறுபேச்சுப் பேசாமல் அந்தச் சரக்கு முழுவதையும் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார். சரியான மூலப்பொருளில் செய்த புது மருந்தை நானே எருமப்பட்டிக்குக் கொண்டுபோனேன். நான்கு நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது கழிச்சல் நின்றிருந்தது. மன்னிப்புக் கேட்டு, நடந்ததைச் சொன்னேன். மோர் கொடுத்துப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“எடை கொறைச்சு ஏமாத்தறவனப் பாத்திருக்கறேனுங்க. எடை சரியா இருந்து ஏமாத்துன சரக்க இப்பத்தான் பாக்கறேன்.”

கடைசிவரை அப்படியோர் இயந்திரம் எங்கள் கம்பெனிக்கு வாய்க்கவில்லை என்றாலும், பண்ணைக்காரர்களின் சந்தேகத்தையும் மெட்ராஸ் பஸ்ஸையும் வைத்தே நான் நிம்மதியாக வேலை பார்த்து முடித்தேன்.