பதினெட்டிலேயே நின்ற குட்டி

அளந்தால் வளராது என்று அத்தை சொன்னதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்போது ஐந்தாம் வகுப்பு. வாழவந்தியிலிருந்து காலை பஸ்ஸில் ஏற்காட்டுக்குப் போய்ப் படித்தேன். எங்கள் வீட்டு விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒரு பூனை மூன்று குட்டி போட்டது. இரண்டு வளர்ந்து எலி பிடிக்கக் கிளம்பிவிட்டன. மூன்றாவதோ, மூன்று மாதமாகியும் அப்பாவின் மப்ளருக்குள் சுருண்டால் மப்ளர் மட்டும்தான் தெரியும். தாய்ப்பூனையே அதைக் கைவிட்டுவிட்டது. எனக்கு வரும் கொஞ்சம் பாலில் காலையில் ஒரு கரண்டி, மாலையில் ஒரு கரண்டி அதற்கு ஊற்றினேன்.

பள்ளியில் அவரைச் செடியை நாள்தோறும் அளந்து நோட்டில் எழுதச் சொல்லியிருந்தார்கள். செடிக்குச் செய்வதைக் குட்டிக்கும் செய்தால் என்ன? மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை ஸ்கேல் வைத்தேன். பதினெட்டு சென்டிமீட்டர். மறுநாளும் பதினெட்டு. மூன்று வாரம் கழித்தும் பதினெட்டு.

அத்தை பக்கத்து வீடு. அப்பாவுக்கு மூத்தவள், அவள் பேச்சை அப்பா தட்டமாட்டார். ஒருநாள் நான் அளப்பதைப் பார்த்துவிட்டாள்.

“அடியே, உசுரோட இருக்கறதை அளந்தா அது எப்படி வளரும்? பள்ளிக்கூடத்துல உன்னையும் வருசா வருசம் செவுத்துல நிக்கவச்சு அளக்கறாங்க. அதான் நீயும் நாழி ஒசரத்துலயே நிக்கற!”

வகுப்பில் நான்தான் குட்டை. அதற்குப் பள்ளிக்கூடமா காரணம்? எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

“உங்களை யாருமே அளக்கலீங்களே அத்தை. நீங்க ஏனுங்க இத்தனூண்டு இருக்கீங்க?”

மாமா சிரித்துவிட்டார். அத்தை சிரிக்கவில்லை. வளராத உயிர் வீட்டில் இருக்கக் கூடாதாம். பத்து நாளில் வளராவிட்டால் மாமா அதை வண்டியில் கொண்டுபோய் மலைக்குக் கீழே குப்பனூரில் விட்டுவிட வேண்டுமாம். அதுவரை நான் ஸ்கேலைத் தொடக் கூடாதாம். அப்பா தலையாட்டினார். அம்மா வாயே திறக்கவில்லை. எனக்கு அம்மா மேல்தான் அதிகக் கோபம்.

மறுநாள் காலையில் அம்மா, அத்தைக்குக் கேட்காமல், “நீ அளக்கறதை நிறுத்தாத கண்ணு” என்றாள்.

பழிவாங்குவதுபோல அளந்தேன். நான்காம் நாள் பதினெட்டரை. ஏழாம் நாள் பத்தொன்பது. பத்தாம் நாள் இருபதைத் தொட்டு, வயிறும் புடைத்து நின்றது குட்டி. அதையும் நோட்டையும் தூக்கிக்கொண்டு அத்தை வீட்டுக்கு ஓடி, எண்களை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தேன். அத்தை குட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“செரி, கெடந்துட்டுப் போகட்டும்.”

அவ்வளவுதான். தெரியாமல் சொல்லிவிட்டேன் சாமி என்று ஒரு வார்த்தை? கிடையாது!

போன லீவில் கல்லூரியிலிருந்து வந்திருந்தபோது, அம்மா தன் டம்ளரில் தாராளமாகப் பால் ஊற்றிக் காப்பி கலந்தாள்.

“உனக்கு வரக்காப்பிதானே பிடிக்கும்? நான் அஞ்சாவது படிக்கறப்ப அதைத்தானே குடிச்ச?” என்று கேட்டேன்.

“பாலு இருக்கறப்ப வரக்காப்பியை யாராச்சும் ஆசைப்பட்டுக் குடிப்பாங்களா? உங்கத்தை கெடு வெச்ச மறுநாள்ல இருந்து, நீ பஸ் ஏறுனதும் என்ர பாலை உன்ர குட்டிக்கு ஊத்திட்டுத்தான் எஸ்டேட்டுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போவேன். நொம்பக் குடிக்கும் அது.”

“ஏன் சொல்லலை?”

“சொன்னா உங்கத்தை உட்டுருவாங்களா?”

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. தேடி எடுத்தேன். பத்தாம் நாள் பக்கத்தின் அடியில் ‘அத்தை சொன்னது தவறு’ என்று எழுதி, சிவப்பு மையில் இரண்டு கோடு இழுத்திருக்கிறேன். அதற்கு மேலே, டீச்சர் கற்றுத்தந்தபடி போட்ட கட்டங்களில், நாளுக்கு ஒன்றாகப் பத்து முறை, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறேன்: ‘உணவு: மாற்றம் எதுவும் இல்லை.’